மாணவர் கூட்டுறவு விடுதி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பெர்க்லி மாணவர் கூட்டுறவு 1933-இல் 14 மாணவர்களோடு தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தக் காலம். வெளியே அறை எடுத்துச் சாப்பிட்டுப் படிக்கக் கட்டுபடியாகவில்லை, அதனால் சேர்ந்து குடியிருந்து, சேர்ந்து வேலை செய்தார்கள். இன்று அதில் பல வீடுகளிலாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். வார்டன் என்று யாரும் இல்லை. வீட்டு மேலாளர், சமையலறை மேலாளர் எல்லோரும் அங்கேயே குடியிருந்து ஓட்டு வாங்கி வந்தவர்கள். பொதுவான இயக்குநர் குழுவிலும் ஒவ்வொரு வீட்டின் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. சறுக்கும் இடங்களும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

பெரிய தவறு, ‘எங்கள் வீடு, நாங்கள் முடிவு செய்வோம்’ என்ற நினைப்பு. சுவருக்கு என்ன நிறம், விருந்து எந்த நாள் என்பதெல்லாம் வீட்டுக் கூட்டத்தின் பாடு. ஆனால் கடனும் காப்பீடும் வழக்கும் மொத்தக் கூட்டுறவின் தலையில் விழும். பெர்க்லியில் பாரிங்டன் ஹால் என்ற பெரிய வீடு போதைப்பொருளுக்கும் கூச்சலுக்கும் பேர்போனது. அக்கம்பக்கத்தார் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். கடைசியில் 1989-இல் எல்லா வீட்டு உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டு அதை மூட முடிவெடுத்தார்கள். 2014-இல் குளோய்ன் கோர்ட் என்ற வீட்டை மது, போதை இல்லாத வீடாக மாற்ற இயக்குநர் குழு முடிவெடுத்தபோது, அதுவரை குடியிருந்தவர்கள் அங்கே திரும்ப முடியாமல் போனது. அது அநியாயம் என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வழக்கு வந்து நஷ்டஈடு எல்லோர் பணத்திலிருந்தும் போகும் என்றால், முடிவிலும் எல்லோருக்கும் பங்கு வேண்டும்தானே? எந்த முடிவு வீட்டுடையது, எது மொத்தக் கூட்டுறவுடையது என்று சண்டை வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது வேலைப் பங்கீடு. பெர்க்லியில் வழக்கமாக ஆளுக்கு வாரம் ஐந்து மணி நேரம்: பாத்திரம், சமையல், கழிப்பறை. வராதவருக்கு அபராதம் உண்டு. ஓட்டுப் போட்ட நண்பனுக்கே அபராதம் போட மேலாளருக்கு மனம் வராது. ‘பரவாயில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று விட்டால் ஒழுங்காகச் செய்பவனும் கைகழுவிவிடுவான். அதனால் அபராதத் தொகையை மேலாளரின் இஷ்டத்துக்கு விடாமல் விதியிலேயே எழுதிவிடுவது நல்லது. முறையிட ஒரு வழியும் இருக்கட்டும், தேர்வு, காய்ச்சல் எல்லாம் நிஜமான காரணங்கள்தான்.

கூட்டத்தை நள்ளிரவு வரை இழுப்பதும் தவறுதான். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள், தூக்கம் தாங்குகிறவர்கள் தீர்மானம் போடுவார்கள். என்னென்ன பேசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள். கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம், மாணவர்கள் ஓரிரு ஆண்டில் போய்விடுகிறார்கள் என்பதை மறக்கிறோம். பெர்க்லி மைய அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆட்களை வைத்திருக்கிறது. கணக்கும் கட்டடப் பராமரிப்பும் ஆண்டுதோறும் புதிதாகக் கற்கிற சங்கதி இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் இயக்குநர் குழு கையெழுத்துப் போடும் குழுவாகிவிடும். புதிதாக வருகிற பிரதிநிதிக்கு முதல் வாரத்திலேயே வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். வாடகை ஏன் ஏறுகிறது என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.