புயலுக்குள் காற்று எப்படி ஓடுகிறது: அடிக்கடி நேரும் தவறான கணிப்புகள்

புயல் கிழக்கிலிருந்து வருகிறது, ஆகவே காற்றும் கிழக்கிலிருந்துதான் அடிக்கும் என்று நம்பி அந்தப் பக்கத்து ஜன்னல்களை மட்டும் அடைத்துவைப்பவர்கள் நம் கிழக்குக் கடற்கரையில் ஏராளம். புயல் நகரும் திசை வேறு, அதற்குள் காற்று சுற்றும் திசை வேறு. வட அரைக்கோளத்தில் தரையை ஒட்டிய காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஓடும். கூடவே சற்று உள்நோக்கித் திரும்பும். அதனால் மையம் உங்களுக்குக் கிழக்கே இருக்கும்வரை காற்று வடக்கு அல்லது வடமேற்கிலிருந்து வரும். மையம் மேற்கே கடந்துபோனதும் தெற்கிலிருந்து வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் கரையேறியபோது நடந்தது இதுதான்.

மையம் எங்கே என்று நீங்களே அறியலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மையம் இடக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னே தள்ளி இருக்கும். தெருவில் கட்டடங்கள் காற்றைத் திருப்பிவிடும் என்பதால், தாழ்வாக ஓடும் மேகங்களின் திசையைப் பார்ப்பது நல்லது.

உயிரைப் பறிக்கும் தவறு, புயலின் நடுவிலுள்ள 'கண்' பகுதியின் அமைதியைப் புயல் ஓய்ந்ததாக நினைப்பது. கண்ணைச் சுற்றியுள்ள மேகச்சுவரில் காற்று மேலேறுகிறது; அங்கேதான் வேகம் உச்சம். கண்ணுக்குள்ளோ காற்று மெல்லக் கீழிறங்கிச் சூடாகிறது, மேகம் கரைகிறது. 30 கி.மீ. அகலமுள்ள கண், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால், நடுவில் இருப்பவருக்கு 2 மணி நேர அமைதி. ஓரத்தில் இருப்பவருக்குச் சில நிமிடங்கள்தான். பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று பாயும். ஒரு பக்கம் சாய்ந்து வேர் இளகிய மரமும், ஆணி கழன்ற தகரமும் அப்போதுதான் விழும். புயல் உண்மையில் விலகும்போது காற்று திசை மாறியபடி பல மணி நேரம் எடுத்துத் தணியும், காற்றழுத்தம் சீராக ஏறும். காற்று சட்டென்று அடங்கி, அழுத்தமும் அடிமட்டத்திலேயே நின்றால் அது கண். வெளியே வராதீர்கள்.

மேற்கு நோக்கி வரும் புயலில், கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். புயல் நகரும் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். கடல் பொங்குவது பெரும்பாலும் அங்கே. தெற்கே தரைக்காற்று கடலைப் பின்னுக்குத் தள்ளும். உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்க இறங்கக் கூடாது, காற்று திரும்பினால் நீரும் திரும்பும். கோடியக்கரைக்கு மேற்கே கரை தெற்கு நோக்கியிருப்பதால், மையம் கடந்தபின் வரும் தென்காற்றே அங்கு ஆபத்து.

செயற்கைக்கோள் படத்தில் பரந்து தெரியும் வெள்ளை மேகம் முழுவதும் பலத்த காற்று என்பதும் தவறு. அது 12 முதல் 16 கி.மீ. உயரத்தில் வெளியேறும் காற்று இழுத்துச் செல்லும் மேகம். மையத்திலிருந்து விலக விலக அந்தக் காற்று வலஞ்சுழியாகத் திரும்பும்.

அறிக்கையில் வரும் எண்களிலும் குழப்பம் உண்டு. 'மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகர்கிறது' என்பது காற்றின் வேகமல்ல. மெதுவாக நகரும் புயல் ஒரே ஊரில் கூடுதல் நேரம் மழையைக் கொட்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் கரையேறியபின் புதுச்சேரி அருகே நகராமல் நின்றது இதற்குச் சாட்சி. இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் காற்று வேகம் 3 நிமிடச் சராசரி. 'இடையிடையே' என்று சேர்த்துச் சொல்லும் எண்தான் சூறை, அதாவது சில நொடிகள் மட்டும் பாயும் கூடுதல் வேகக் காற்று. கூரையை அந்த எண்ணுக்கு ஏற்பக் கட்டுங்கள். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.