சஸ்பெண்ட் ஆன பிள்ளையும் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது கொடுக்கும் டி.சி.யில் நடத்தை பற்றி ஒரு கட்டம் இருக்கும். அநேகமாக எல்லோருக்கும் அதில் 'நன்று' என்றுதான் எழுதுவார்கள். முதல் பெஞ்சுப் பிள்ளைக்கும் நன்று, வகுப்பில் ஊசிப்பட்டாசு வெடித்தவனுக்கும் நன்று. அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் அமெரிக்காவில் மகன் பத்தாம் வகுப்பில் மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனால், "போகட்டும், யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வருஷம் கழித்து, ஓர் அக்டோபர் இரவில் விண்ணப்பத்தை நிரப்பும்போது வீட்டில் அழுகையும் சத்தமும் தொடங்கும்.

நான் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவன், வக்கீல் இல்லை. பிள்ளைகள் கட்டுரையைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள், கூடவே சஸ்பெண்ட் ஆனதைச் சொல்ல வேண்டுமா என்றும் கேட்பார்கள். அப்படிப் பார்த்ததில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில.

முதலாவது, "காமன் ஆப்பில்தான் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்களே" என்று நிம்மதியாக இருந்துவிடுவது. காமன் ஆப் என்பது பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் ஓர் அமைப்பின் தளம். எடுத்தது உண்மைதான். 2021-22 விண்ணப்பப் பருவத்திலிருந்து பொதுப் பகுதியில் மாணவரிடம் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வி இல்லை. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொன்னவர்களில் கறுப்பின மாணவர்களின் விகிதம் வெள்ளையின மாணவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது என்று அந்த அமைப்பின் தரவே காட்டியது. பள்ளிகள் தண்டிக்கும் விதத்திலேயே பாகுபாடு இருக்கும்போது, அதை அப்படியே விண்ணப்பத்துக்கும் கொண்டுவருவானேன் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் தன் சொந்தக் கேள்விகள் இருக்கும் பகுதியில் எந்தக் கல்லூரியும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். பத்துக் கல்லூரிக்குப் போட்டால் சிலது கேட்கும், சிலது கேட்காது. ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கேட்காத இடத்திலும் பயந்துபோய்ச் சொல்லி வைப்பது. கேட்காவிட்டால் பொதுவாக எழுத வேண்டியதில்லை. அந்தச் சம்பவத்தால் மதிப்பெண் சரிந்திருந்தாலோ, பள்ளி மாற வேண்டி வந்திருந்தாலோ, பள்ளிக் கவுன்சிலர் தன் அறிக்கையில் எப்படியும் எழுதப்போகிறார் என்றாலோ, அப்போது மட்டும் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் போடுவது இன்னொன்று. இந்த வகைக் கேள்விகள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு வைக்கும். ஏழாம் வகுப்பில் நடந்த சண்டை அதில் வராது. 'பொறுப்பு என்று முடிவான' மீறலைக் கேட்கிறார்களா, வெறும் குற்றச்சாட்டையும் கேட்கிறார்களா என்று பாருங்கள். புரொபேஷன் (கண்காணிப்பில் வைப்பது), சஸ்பென்ஷன், நீக்கம் என்று வரிசையாகச் சொல்லியிருந்தால், மதிய உணவு நேரத்தில் உட்கார வைத்த டிடென்ஷன் அதில் சேராமல் போகலாம். ஆனால் பள்ளிக்குள்ளேயே தனி அறையில் உட்கார வைத்த சஸ்பென்ஷனும் சஸ்பென்ஷன்தான். "வீட்டுக்கு அனுப்பவில்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது. போலீஸ், நீதிமன்றம் என்று போயிருந்தால் அது தனிக் கேள்வி. அதிலும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் என்றால் அந்த கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் கைது பற்றிக் கேட்பார்கள், ஆகவே நேராக வக்கீலிடம் போய்விடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்க வேண்டாம்.

என் கணக்கில் ஆகப் பெரிய தவறு கவுன்சிலரிடம் பேசாமல் இருப்பது. (வார்டு கவுன்சிலர் இல்லை, பள்ளியில் விண்ணப்பத்தோடு அறிக்கை அனுப்புகிறவர்.) பெற்றோருக்குக் கூச்சம். மறந்துபோனவருக்கு நாமே ஏன் ஞாபகப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வேறு. அவர் மறந்தாலும் கோப்பு மறக்காது. 1974இல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் ஆவணச் சட்டப்படி, மாணவர் சேர விரும்பும் கல்லூரிக்குப் பள்ளி அந்த ஆவணங்களை நம்மிடம் கையெழுத்து வாங்காமலே அனுப்ப முடியும். அனுப்புகிறதா இல்லையா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். அதே சட்டம் நமக்கும் ஓர் உரிமையைக் கொடுத்திருக்கிறது. கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். தவறான தகவல் இருந்தால் திருத்தச் சொல்லலாம். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும், அப்புறம் கடிதம் அவர் பெயரில்தான் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், 'சின்ன மனஸ்தாபம், ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை' என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டான். கவுன்சிலர் அனுப்பியதில் மூன்று நாள் சஸ்பென்ஷன், பள்ளிக் கழிப்பறையில் வேப் (மின் சிகரெட்) என்று இருந்தது. கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. வேப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான் கேள்வி. பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் கவுன்சிலரைப் பார்த்து, "இதைப் பற்றிக் கல்லூரி கேட்டால் என்ன சொல்வீர்கள், கோப்பில் எந்த வார்த்தைகள் இருக்கின்றன" என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சரி, எழுத வேண்டும் என்று ஆகிவிட்டது. எப்படி எழுதுவது? கல்லூரி கேட்ட விளக்கத்துக்கு அந்தப் பையன் முதலில் எழுதியது தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இளம் வயதில் தவறு செய்வது இயல்பு. நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரு சூழ்நிலையில் சிக்கிக்கொண்டேன். நிர்வாகம் சற்றுக் கடுமையாக நடந்துகொண்டது. ஆனாலும் அந்த அனுபவம் என்னைச் செதுக்கியது."

நான்கு வாக்கியத்தில் என்ன செய்தான் என்பதே இல்லை. மூன்றாவது வாக்கியம் அவன் அப்பா சொல்லிச் சேர்த்தது, பார்த்தாலே தெரிந்தது. உட்கார்ந்து திருத்தியபின் இப்படி வந்தது:

"பத்தாம் வகுப்பு நவம்பரில் பள்ளிக் கழிப்பறையில் வேப் பிடித்தேன். மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தப் பருவம் கூடைப்பந்து அணியில் இடம் இல்லை. நான்கு வார ஆலோசனை வகுப்புக்குப் போய் முடித்தேன். அதன் பிறகு வேப்பைத் தொடவில்லை. விண்ணப்பத்தில் இதை மழுப்பி எழுதியது என் தவறு."

என்ன, எப்போது, என்ன தண்டனை, அப்புறம் என்ன செய்தான். அவ்வளவுதான் வேண்டும். நண்பன் பெயர், ஆசிரியர் மேல் குறை, குடும்பக் கஷ்டத்தின் முழு வரலாறு, எதுவும் வேண்டாம். இடமும் குறைவு. காமன் ஆப்பின் கூடுதல் தகவல் பகுதியையே 2025-26இல் 650 வார்த்தையிலிருந்து 300ஆகக் குறைத்துவிட்டார்கள். சிலர் சஸ்பென்ஷனையே முதன்மைக் கட்டுரையாக்கி உருகுவதும் உண்டு. பிள்ளையைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதானா இருக்கிறது?

எல்லா மீறலும் ஒரே எடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பைவிடக் காப்பியடித்ததும் ஒருவரைத் துன்புறுத்தியதும் கல்லூரியை அதிகம் உறுத்தும். அவற்றுக்கு விளக்கமும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கேட்ட இடத்தில் 'இல்லை' என்று போடுவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விண்ணப்பத்தின் கடைசியில் கையெழுத்திடும் உறுதிமொழியைப் படித்துப் பாருங்கள். தகவல் பொய் என்று தெரிந்தால் இடத்தை ரத்து செய்யலாம், கல்லூரியிலிருந்து நீக்கலாம், வாங்கிய பட்டத்தைக்கூடத் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது.

இடம் கிடைத்த பிறகு வருவது கடைசித் தவறு. ஏப்ரலில் கேக் வெட்டியாயிற்று, இனி என்ன என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2017இல் ஹார்வர்டு, ஃபேஸ்புக் குழுவில் ஆபாசமான, இனவெறி மீம்கள் போட்டதற்காகக் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பள்ளி முடிந்ததும் கவுன்சிலர் இறுதி அறிக்கை ஒன்றையும் அனுப்புவார். மே மாதம் சீனியர் குறும்பு (கடைசி வருஷப் பிள்ளைகளின் விளையாட்டு) என்று ஏதாவது செய்து சஸ்பெண்ட் ஆனால், அந்த அறிக்கை போவதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்துக்குப் பிள்ளையே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், கவுன்சிலருக்கும் ஒரு நகலோடு. அப்பா எழுதி மகன் பெயரில் அனுப்புவது வேண்டாம். படித்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.