கனடா சிட்டிக்குள்ள இருக்கற ரிசர்வ் பத்தி நாம பண்ற தப்புகள்

வான்கூவர்ல பர்ரார்ட் பிரிட்ஜ் தாண்டும்போது கீழ பார்த்தா வரிசையா பெரிய பெரிய டவர் எழும்பிட்டு இருக்கும். கார்ல கூட வர்ற நம்ம ஆளுங்க கிட்ட "இது ரிசர்வ் நிலம், பூர்வகுடி மக்களுக்குன்னு ஒதுக்கி வெச்ச இடம்"னு சொன்னா நம்பவே மாட்டாங்க, ரிசர்வ்னா எங்கேயோ வடக்குல காட்டுக்குள்ள இருக்குமே, இங்க கடற்கரை பக்கத்துல, இவ்வளவு விலை போற இடத்துல எப்படின்னு கேப்பாங்க. நானும் வந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா படிச்சு, ஆளுங்ககிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டதுதான் இது. நாம பேசும்போது திரும்பத் திரும்ப வர்ற தப்புகளை மட்டும் எடுத்து சொல்றேன்.

முதல்ல வார்த்தை. தமிழ்ல நாம "செவ்விந்தியர்"னு படிச்சு வளர்ந்தோம், அதை விட்டுடுங்க, இங்க அது அவமானமான வார்த்தை. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்னு சொல்லலாம், பூர்வகுடின்னு சொல்லலாம், அந்த இனத்தோட சொந்தப் பேரு தெரிஞ்சா அதை சொல்றது இன்னும் நல்லது. ஆனா இவங்களுக்கும் ரிசர்வுக்கும்னு இருக்கற சட்டத்தோட பேரு மட்டும் இன்னும் இந்தியன் ஆக்ட்தான், 1876ல வந்தது, இன்னைக்கும் இருக்கு, நம்ம இந்தியாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "ரிசர்வேஷன்"னும் சொல்லாதீங்க, அது அமெரிக்கால சொல்றது, கனடால ரிசர்வ். நம்மூர்ல ரிசர்வேஷன்னா காலேஜ் சீட்டு, வேலைன்னு இடஒதுக்கீடுதான் ஞாபகம் வரும், அந்த நினைப்போட இதைப் பார்த்தா "கவர்மெண்ட் குடுத்த சலுகை"ன்னு மனசுல பதிஞ்சுடும். மத்த தப்பெல்லாம் இங்கருந்துதான் ஆரம்பிக்குது. ரிசர்வ் சலுகை இல்ல. அவங்ககிட்ட இருந்த நிலத்துல மிச்சம் விட்டு வெச்ச துண்டு. அந்த துண்டு கூட அவங்க பேர்ல இல்ல, பட்டா அரசாங்கத்துக்கிட்ட, அந்த பேண்டோட (ஒரு ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் சமூகத்துக்கு சட்டத்துல இருக்கற பேரு) உபயோகத்துக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கு, அவ்வளவுதான்.

அடுத்த தப்பு, ஊர்தான் முதல்ல வந்தது, நடுவுல ரிசர்வை கொண்டு வந்து வெச்சாங்கன்னு நினைக்கிறது. அந்த டவர் எழும்பற இடத்தையே எடுத்துக்குவோம். அது பேரு செநாக்வ், ஸ்குவாமிஷ் மக்களோட கிராமம். 1869ல 37 ஏக்கர் ரிசர்வ்னு அளந்தாங்க, 1877ல 80 ஏக்கர் ஆச்சு. வான்கூவர் சிட்டின்னு ஒண்ணு பதிவானதே 1886ல. அதே வருஷம் ரயில்வே கம்பெனி வந்து தண்டவாளத்துக்குன்னு ஒரு பட்டை எடுத்துக்கிச்சு, 1902ல இன்னும் கொஞ்சம். ஊர் வளர வளர, அந்தக் கரை மேல எல்லாருக்கும் கண்ணு. 1913ல மாகாண அரசாங்கம் ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் 11,250 டாலர்னு சொல்லி கையெழுத்து வாங்கி, ஜனங்களை ஒரு பார்ஜ்ல (சரக்கு ஏத்தற தட்டைப் படகு) ஏத்தி அனுப்பிட்டு வீடுகளை எரிச்சாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ரிசர்வ் நிலம் ஃபெடரல் அரசாங்கத்தோட பொறுப்பு, மாகாணத்துக்கு அந்த டீல் போட சட்டப்படி அதிகாரமே இல்ல. அதுக்கப்புறம் அந்த நிலம் துண்டு துண்டா போச்சு. இன்னைக்கு பசங்களைக் கூட்டிட்டு போற வேனியர் பார்க், மியூசியம் எல்லாம் அந்த 80 ஏக்கருக்குள்ளதான் வருது. பக்கத்து ஏரியா பேரு கிட்சிலானோ இருக்கே, அது ஒரு ஸ்குவாமிஷ் தலைவரோட பேர்ல இருந்து வந்தது. ஆளுங்களை அனுப்பிட்டு பேரை மட்டும் வெச்சுக்கிட்டாங்க, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

திரும்பி வந்தது எப்படின்னா, ரயில்வே அந்த பட்டையை உபயோகிக்கறதை நிறுத்திட்டாங்க. தண்டவாளத்துக்குன்னு எடுத்த நிலம் தண்டவாளம் இல்லைன்னா யாருக்குன்னு கேஸ் போய், 2002ல மாகாண மேல்முறையீட்டு கோர்ட் ஸ்குவாமிஷ் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. திரும்பக் கிடைச்சது சுமார் பத்தரை ஏக்கர். 80ல பத்தரை. அதுலதான் 11 டவர், கிட்டத்தட்ட 6,000 வீடு வருது. 2019ல அவங்க மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு வெச்சு 87 சதவீதம் பேர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் தொடங்குனாங்க. "சிட்டி இதுக்கு எப்படி பர்மிஷன் குடுத்துச்சு, பக்கத்துல எல்லாம் சின்ன வீடா இருக்கே"ன்னு கேக்கறவங்களுக்கு, அதுவும் ஒரு தப்புதான், ரிசர்வ் நிலத்துல சிட்டியோட ஸோனிங் விதி (எங்க என்ன, எவ்வளவு உயரம் கட்டலாம்ங்கறது) செல்லாது. தண்ணி, சாக்கடை, ஃபயர் சர்வீஸ் இதுக்கெல்லாம் சிட்டியோட தனியா அக்ரிமெண்ட் போட்டு காசு கட்டறாங்க.

"அவங்களே வித்துட்டு போயிட்டாங்களே"ங்கறது இன்னொண்ணு, இதைத்தான் நான் ரொம்ப அதிகமா கேட்டிருக்கேன். 1911ல இந்தியன் ஆக்ட்ல 49ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. 8,000 பேருக்கு மேல இருக்கற ஊருக்குள்ளயோ ஒட்டியோ ஒரு ரிசர்வ் இருந்தா, அந்த மக்களோட சம்மதமே இல்லாம கோர்ட் மூலமா அவங்களை நகர்த்தலாம்னு. ஊர் வளர்ந்தா நீ கிளம்புன்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க, 1951 வரைக்கும் அது இருந்துச்சு. இதை ஆலிவர் ஆக்ட்னு சொல்லுவாங்க, அப்ப மந்திரியா இருந்த ஃபிராங்க் ஆலிவர் பேர்ல.

இந்த ஃபிராங்க் ஆலிவர் யாருன்னு தெரிஞ்சுக்கறது முக்கியம். எட்மண்டன்ல பத்திரிகை நடத்துனவர். அந்த ஊருக்குத் தெற்கே பாப்பஸ்சேஸ்னு க்ரீ இனத்து பேண்ட் ஒண்ணுக்கு, ட்ரீட்டி 6ங்கற ஒப்பந்தப்படி (அரசாங்கம் பூர்வகுடிகளோட போட்ட ஒப்பந்தங்கள்ல ஒண்ணு, நம்பர்தான் பேரு) சுமார் 40 சதுர மைல் ரிசர்வ் அளந்திருந்தாங்க, இவ்வளவு நல்ல நிலம் ஊர் பக்கத்துல இவங்களுக்கு எதுக்குன்னு குடியேறினவங்க எதிர்த்தப்போ அவர் பத்திரிகைதான் அதுக்கு முன்னாடி நின்னுச்சு. 1888ல மூணே மூணு பேர் கையெழுத்து போட்டு முழு ரிசர்வும் போச்சு. அவங்க வாரிசுங்க போட்ட கேஸ் 2008ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், காலம் கடந்துடுச்சுன்னு தள்ளுபடி ஆச்சு. நம்ம ஊர் ஜனங்க நிறைய பேர் வீடு வாங்கியிருக்கற மில் வுட்ஸ் அந்த ரிசர்வ் இருந்த நிலத்துலதான் இருக்கு, அங்க இருக்கற எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல. எட்மண்டன் நடுவுல ஆலிவர்னே ஒரு ஏரியா இருந்துச்சு, இப்ப அந்தப் பேரை மாத்தி வீக்வென்டோவின்னு க்ரீ மொழிப் பேர் வெச்சுட்டாங்க.

அந்த 49ஏ பிரிவை எடுத்து அடிச்ச இடம் நோவா ஸ்கோஷியால சிட்னி. ஹார்பர் கரைல கிங்ஸ் ரோடுன்னு மிக்மா இன மக்களோட ஒரு ரிசர்வ், ரெண்டு மூணு ஏக்கர்தான். பக்கத்து சொத்துக்காரங்க, அதுல ஒருத்தர் வக்கீல், அரசியல்வாதி, இவங்க இங்க இருந்தா எங்க இடத்துக்கு விலை வராதுன்னு வருஷக்கணக்கா எழுதிக்கிட்டே இருந்தாங்க. 1916ல கோர்ட் கிளம்பச் சொல்லிடுச்சு, கடைசியா 1926ல மேட்டுல தண்ணி தேங்கற ஒரு இடத்துக்கு போனாங்க. அதுதான் இன்னைக்கு மெம்பர்டூ. அதே மெம்பர்டூ முன்னாடி நின்னு, மத்த மிக்மா சமூகங்களையும் சேத்துக்கிட்டு, 2021ல கிளியர்வாட்டர்ங்கற பெரிய மீன் கம்பெனியை இன்னொரு கம்பெனியோட பங்கா ஒரு பில்லியன் டாலருக்கு வாங்குனாங்க. விக்டோரியால சட்டசபைக்கு எதிர்க்கரைல இருந்த சாங்கீஸ் ரிசர்வ்கூட 1911ல காலி பண்ணதுதான், அதுக்கு தனியா ஒரு சட்டமே போட்டாங்க, குடும்பத்துக்கு 10,000 டாலர்.

"அப்படின்னா அப்பவே கேஸ் போட வேண்டியதுதானே, நூறு வருஷம் கழிச்சு எதுக்கு?" சரி, போட்டிருக்கலாமா? 1927ல இருந்து 1951 வரைக்கும், நில உரிமை கேட்டு வக்கீல் வைக்க அரசாங்கத்தோட அனுமதி இல்லாம காசு வசூல் பண்ணா அது குற்றம். ஃபெடரல் தேர்தல்ல ஸ்டேட்டஸ் இருக்கறவங்க, அதாவது இந்தியன் ஆக்ட் படி பதிவானவங்க, எந்த நிபந்தனையும் இல்லாம ஓட்டு போட முடிஞ்சது 1960க்கு அப்புறம்தான். கேஸெல்லாம் 70கள், 80கள்ல வர ஆரம்பிச்சதுக்கு காரணம் பேராசை இல்ல, கட்டி வெச்சிருந்த கையை அப்பதான் அவுத்தாங்க.

புதுசா சிட்டிக்குள்ள வர்ற ரிசர்வ் வேற கதை, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பக்கூடாது. செநாக்வ், வான்கூவர்லயே இருக்கற மஸ்குயம், கியூபெக் சிட்டிக்குள்ள இருக்கற வெண்டேக் மாதிரி இடமெல்லாம் ஊர் வந்து சுத்திக்கிட்ட இடங்க. சாஸ்கடூன்ல 1988ல மஸ்கெக் லேக் க்ரீ நேஷனுக்கு வந்ததோ புதுசா உருவான ரிசர்வ், முப்பத்து சொச்சம் ஏக்கர். ஏன்னா ட்ரீட்டி போடும்போது அஞ்சு பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல்னு ட்ரீட்டி 6ல சொன்னாங்க, ஆனா அளக்கும்போது ஆளுங்களைக் குறைச்சு எண்ணி நிலத்தைக் குறைச்சுட்டாங்க. அந்த பாக்கியை தீர்க்கத்தான் 1992ல சாஸ்கச்சுவான்ல 25 ஃபர்ஸ்ட் நேஷன்களோட பெரிய ஒப்பந்தம் வந்துச்சு. அதுல காசு குடுப்பாங்க, விக்க விருப்பப்பட்டவங்ககிட்ட மார்க்கெட் விலைக்கு நிலம் வாங்கி அதை ரிசர்வா மாத்திக்கலாம். உங்க வீட்டைப் புடுங்கிடுவாங்கன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க. வின்னிபெக்ல ராணுவம் 2004ல காலி பண்ணிட்டு போன கேப்யாங் பேரக்ஸை ட்ரீட்டி 1 நேஷன்ஸ் ஏழும் கேட்டு, கோர்ட்டுல வருஷக்கணக்கா போராடி, 2022 டிசம்பர்ல சுமார் 109 ஏக்கர் ரிசர்வ் ஆச்சு. பேரு நாவி-ஊடேனா, இப்படி புதுசா உருவான அர்பன் ரிசர்வ்கள்ல நாட்டுலயே பெரியதுகள்ல அதுவும் ஒண்ணு.

டாக்ஸ். இதைப் பத்தி பேசாத ஆளே இல்ல. "அவங்க டாக்ஸே கட்டறதில்ல." ஸ்டேட்டஸ் இருக்கற தனிநபர், ரிசர்வ்ல இருக்கற சொத்துக்கும் ரிசர்வ்ல சம்பாதிக்கற சம்பளத்துக்கும்தான் விலக்கு. வெளிய வேலை பாத்தா உங்களை என்னை மாதிரியே கட்டணும். கால்கரி பக்கத்துல சூட்டினா நேஷனோட ரிசர்வ் நிலத்துல காஸ்ட்கோ 2020ல திறந்தாங்க, அங்க போனா எனக்கு டாக்ஸ் கம்மியா வரும்னு நினைச்சு போகாதீங்க, நமக்கு அதே டாக்ஸ்தான். சாஸ்கடூன்ல மஸ்கெக் லேக் சிட்டி வரிக்கு சமமான தொகையை சர்வீஸ் கட்டணமா சிட்டிக்கு கட்டறாங்க, சிட்டிக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. இன்னொரு பக்கமும் பாக்கணும், ரிசர்வ்ல இருக்கற சொத்தை வெளியாள் ஜப்தி பண்ண முடியாதுன்னு சட்டம், பாதுகாப்புன்னு கேக்கும்போது நல்லாத்தான் இருக்கும், ஆனா அதனாலயே சாதாரணமா பேங்க்ல வீட்டுக்கடன் கிடைக்காது. வான்கூவர்ல ஒருத்தர் வீட்டு விலை ஏறி ஏறி பணக்காரர் ஆயிட்டு இருக்கும்போது, வேலி தாண்டி இருக்கறவங்களால அந்த வழியை தொடவே முடியல.

வீடு வாங்கறவங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, இது நேரடியா உங்க பாக்கெட் விஷயம். ரிசர்வ் நிலத்துல வீடோ காண்டோவோ விலை கம்மியா இருக்கேன்னு வாங்குவாங்க, அது சொந்தம் இல்ல, லீஸ். எத்தனை வருஷம் மிச்சம், நில வாடகையை எப்ப, எந்தக் கணக்குல ஏத்துவாங்கன்னு படிக்காம கையெழுத்து போடாதீங்க. மஸ்குயம்ல 60கள்ல 99 வருஷ லீஸ் போட்டு வீடு கட்டுனவங்களுக்கு வருஷத்துக்கு சில நூறு டாலர்தான் இருந்துச்சு, 1995ல மறுமதிப்பு வந்தப்போ எகிறிடுச்சு, சண்டை 2000ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அந்த குடித்தனக்காரங்களைப் பத்தி நியூஸ்ல நிறைய வந்துச்சு. ஆனா அதே மஸ்குயம்ல 1958ல அரசாங்கம் 162 ஏக்கரை ஒரு கோல்ஃப் கிளப்புக்கு லீஸ் விட்டுச்சு, பேண்டுகிட்ட ஒரு கண்டிஷன் சொல்லிட்டு கிளப்போட வேற கண்டிஷன்ல கையெழுத்து போட்டாங்க, லீஸ் காப்பி பேண்ட் கைக்கு வரவே 1970 ஆச்சு. 1984ல சுப்ரீம் கோர்ட் அரசாங்கம் நம்பிக்கையை மீறிடுச்சுன்னு சொல்லி ஒரு கோடி டாலர் நஷ்டஈடை உறுதி பண்ணுச்சு. கெரின் கேஸ்னு பேரு, இன்னைக்கும் எல்லா நில வழக்கிலயும் அதை எடுத்துப் பேசறாங்க.

பூர்வகுடின்னா எல்லாரும் ரிசர்வ்லதான் இருப்பாங்கன்னும் நினைக்காதீங்க. 2021 கணக்குப்படி 18 லட்சம் பேர், அதுல ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் இல்லாத மத்த ரெண்டு பூர்வகுடிப் பிரிவான இனுவிட், மேட்டி மக்களுக்கு இந்தியன் ஆக்ட் ரிசர்வே கிடையாது, ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்லயும் ஸ்டேட்டஸ் இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல ரிசர்வுக்கு வெளியதான். உங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருப்பாங்க.

கடைசியா டொராண்டோ பக்கம் இருக்கறவங்களுக்கு. "எங்க ஊர்ல ரிசர்வே இல்லையே, அப்ப இங்க யாரும் இல்ல போல"ன்னு ஸ்கார்பரோல இருந்து ஒரு நண்பர் சொன்னார். டொராண்டோ நிலத்தை மிசிசாகாங்கற பூர்வகுடி மக்கள்கிட்ட வாங்கினதா, டொராண்டோ பர்ச்சேஸ்னு 1787ல ஒரு பத்திரம் போட்டாங்க, பின்னாடி எடுத்துப் பார்த்தா உள்ள ஒண்ணுமே எழுதாம வெத்துப் பத்திரம், தலைவர்களோட குறிகள் தனித்தாள்ல இருந்து ஒட்டியிருந்துச்சு. அதை சரிபண்ண 1805ல 10 ஷில்லிங்குக்கு இரண்டரை லட்சம் ஏக்கர்னு திரும்ப எழுதுனாங்க. 2010ல அதுக்கு 145 மில்லியன் டாலர் செட்டில்மெண்ட் ஆச்சு, நிலம் திரும்பி வரல. அந்த மிசிசாகா மக்கள் 1847லயே கிரெடிட் ஆத்தங்கரையை விட்டுக் கிளம்பிட்டாங்க. இப்ப மிசிசாகாங்கற ஊர்ல 7 லட்சம் பேருக்கு மேல இருக்காங்க, நம்ம சொந்தக்காரங்க எத்தனையோ பேர் அங்கதான், அந்த மக்களோட ரிசர்வ் அங்கிருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல, ஹேகர்ஸ்வில் பக்கத்துல இருக்கு.