உறவு உளவியல் படிக்கத் தொடங்கியவர்கள் விடுகிற பிழைகள்

முதலாம் வருடத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற ஒன்று, நேற்றுப் படித்த சொல்லை இன்று வீட்டு ஆட்களுக்கு ஒட்டிப் பார்ப்பது. நானும் அப்படித்தான் செய்தேன். திருநெல்வேலிச் சந்தியில் என்னைக் கண்டும் காணாததுபோல் சைக்கிளில் போன மச்சாளுக்கு "தவிர்க்கும் பிணைப்பு" (நெருக்கத்தைத் தவிர்த்து ஒதுங்கும் வகை) என்று பெயர் வைத்துவிட்டு மாதக்கணக்காகக் கதைக்காமல் இருந்தேன். அந்த நாட்களில் அவள் தகப்பனுக்கு மருந்து வாங்க ஓடித்திரிந்தது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

இந்தப் பிழைக்குப் பாடத்திலேயே இடம் உண்டு. 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் கியூபத் தலைவர் கஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தெரிவு செய்யவில்லை, அது அவருக்குக் கொடுக்கப்பட்டது என்று சொன்ன பிறகும், அதுதான் அவருடைய சொந்தக் கருத்து என்ற பக்கமே வாசித்தவர்கள் சாய்ந்தார்கள். ஆளின் குணத்தைப் பெரிதாக்கிச் சூழ்நிலையைச் சிறிதாக்கும் இந்தப் போக்கை 1977இல் உளவியலாளர் லீ ராஸ் அடிப்படைக் காரணங்கற்பித்தல் வழு என்றார். ஆகவே ஒருவரின் நடத்தையைப் பற்றி எழுதமுன் அன்றைக்கு அவருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், முடிந்தால் அவரிடமே.

அப்புறம் பிணைப்பு வகைகள், அதாவது பிள்ளை தன்னை வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்ளும் விதங்கள். மேரி ஐன்ஸ்வர்த் பால்ட்டிமோரில் பார்த்தது ஒரு வயதளவான குழந்தைகளை: தாய் அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்று. அதை வைத்துக்கொண்டு இருபது வயது நண்பனை வகைப்படுத்த முடியாது. அம்மா வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைக்குப் பிணைப்பே இராது என்று எழுதுவது அதைவிட மோசம், தயவுசெய்து எழுதாதீர்கள். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஷாஃபரும் எமர்சனும், பல பிள்ளைகள் தாயோடு மட்டுமல்லாமல் தகப்பன், தாத்தா பாட்டி என்று பலரோடும் பிணைப்புக் கொண்டிருந்ததை 1964இலேயே காட்டிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்தில் இருந்தால் நட்பு வரும் என்பதை 1950இல் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் மாணவர் குடியிருப்பு ஒன்றில் கண்டார்கள். சரி, வேலிப் பொட்டுக்குள்ளால் பூந்து விளையாடி வளர்ந்த எங்களுக்கு அது புதிதில்லை. ஆனால் பிடிக்காதவர்களும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று 1976இல் எப்பெசன் குழு காட்டியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே வேலிக்கு எல்லை வழக்குப் பேசின குடும்பங்கள் உங்கள் ஒழுங்கையிலும் இருக்கும். விடைத்தாளில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.