திரும்பி வரும் வழியை அமைத்த பின் புதிய வசதியை வெளியிடுதல்

மென்பொருளில் புதிய வசதி ஒன்றை வெளியிடும் முன், அது பழுதானால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நிரலைப் பழைய பதிப்புக்கு மாற்றுவது எளிது, சிக்கல் டேட்டாபேஸில்தான். ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டால், பழைய நிரல் பழைய பெயரைத் தேடி நின்றுபோகும். எனவே புதிய நெடுவரிசையைத் தனியே சேர்த்து, சில காலம் இரண்டிலும் எழுதி, பழைய தரவையும் நகர்த்திய பின் வாசிப்பதைப் புதிய நெடுவரிசைக்கு மாற்றுங்கள். பழையதை யாரும் தொடுவதில்லை என்று உறுதியான பிறகே நீக்குங்கள்.

அடுத்து, யாருக்கு முதலில் திறப்பது என்ற கேள்வி. பயனர் எண்ணோடு வசதியின் பெயரையும் சேர்த்து ஹாஷ் செய்து (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் கணக்கில் இட்டு), அந்த எண்ணை 100-ஆல் வகுத்து வரும் மீதி 5-க்குக் குறைவானவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அந்த 5-ஐ 25 ஆக்கும்போதும் முன்பு கிடைத்தவர்களுக்கு வசதி மறையாது. பெயரைச் சேர்க்காமல் விட்டால், எல்லா வசதிகளின் பிழைகளையும் அதே ஆட்களே முதலில் சுமப்பார்கள். அது அவர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

தானாகப் பின்வாங்கும் விதியை எழுதும்போது, நேற்றைய எண்ணோடு ஒப்பிடாமல், அதே நேரத்தில் ஓடும் பழைய பதிப்போடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, 500 கோரிக்கைகளாவது வந்த பின், புதியதன் பிழை விகிதம் பழையதைப்போல் இரு மடங்கானால், வசதி திறந்திருக்கும் பயனர்களின் சதவீதம் உடனே 0-க்கு இறங்க வேண்டும். அளவீடே வராமல் போனால் அதையும் தோல்வியாகவே கொள்ளுங்கள். கண்காணிப்பு அறுந்த நிலையில் 25 சதவீதத்துக்கு ஏறுவது பெரும் ஆபத்து. பணம் செலுத்தி முடித்தவர்களின் விகிதத்தையும் விதியில் சேருங்கள். ஏனெனில் பொத்தானே திரையில் தெரியாமல் போனால், சர்வரில் ஒரு பிழையும் பதிவாகாது.

பின்வாங்கும்போது முதலில் ஃபீச்சர் ஃப்ளாகை, அதாவது வசதியைத் திறந்து மூடும் சுவிட்சை, அணையுங்கள், பிறகு நிரலை மாற்றுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் பங்கு வர்த்தக நிறுவனத்தில், 8 சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. முன்பு வேறொரு வேலைக்கு இருந்த ஃப்ளாகையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்ததால், அந்த ஒரு சர்வரில் கைவிடப்பட்ட பழைய நிரல் உயிர்பெற்றுப் பங்கு ஆணைகளை அனுப்பியது. சரிசெய்வதாக எண்ணி மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை எடுத்தபோது, அவற்றிலும் அதே பழைய நிரல் ஓடத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் இழப்பு 44 கோடி டாலரை எட்டியது. ஆகவே ஒரு ஃப்ளாகின் பெயரை இன்னொரு வேலைக்கு மீண்டும் எடுக்காதீர்கள். வசதி 100 சதவீதத்தில் நிலைத்த பின் ஃப்ளாகையும் பழைய நிரலையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள்.

இவை எல்லாம் அமைந்த பின், சோதனைச் சூழலில் வேண்டுமென்றே பிழை தரும் பதிப்பு ஒன்றை ஏற்றி, யாரும் கைவைக்காமல் அது எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.