மினியின் முன் சப்ஃபிரேமை வீட்டிலேயே இறக்கிச் சீராக்குவது

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய பழைய மினி காரின் முன் சப்ஃபிரேமை, அதாவது இன்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் இரும்புச் சட்டத்தை, கழற்றினால் முதலில் உதிர்வது மண்தான். டை பார் (கீழ் ஆர்மை முன்பக்கம் பிடித்திருக்கும் கம்பி) பிடிக்கும் முன் மூலையிலும், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்குப் பின்னாலும் கட்டிகட்டியாக அப்பிக் கிடக்கும். மழையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி இரும்பைத் தின்றிருக்கும். மேலே கறுப்புச் சாயம் பளபளப்பதை நம்ப வேண்டாம்.

இங்கே சொல்வது ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கோன் வைத்த வண்டிக்கு. 1964 முதல் சில ஆண்டுகள் வந்த ஹைட்ரோலாஸ்டிக் (திரவ சஸ்பென்ஷன்) வண்டியில் திரவம் அழுத்தத்தில் நிற்கும்; அதை முறையாக இறக்காமல் அந்தக் குழாய்களைத் தொடவே கூடாது. சாமான் வாங்குமுன் ஆண்டையும் பாருங்கள். 1976க்கு முந்திய சப்ஃபிரேம் பாடியோடு நேராக முடுக்கப்பட்டது, டவருக்கு (சப்ஃபிரேமின் இரு பக்கமும் மேலே நிமிர்ந்த தூண்) 2 போல்ட். பிந்தியதில் ரப்பர் மவுண்டிங், டவருக்கு ஒரே பெரிய போல்ட். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் அப்படியே உட்காராது.

இன்ஜினோடு சேர்த்தே இறக்குவதுதான் வீட்டில் சுலபம். கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லா போல்ட்டுக்கும் துரு எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். பேட்டரி, பானெட், கிரில், கார்புரேட்டர், ரேடியேட்டர் தண்ணீர், ஹீட்டர் ஹோஸ், எக்ஸாஸ்ட் கிளாம்ப், இன்ஜின் ஸ்டெடி, கியர் இணைப்பு, ஸ்பீடோ கேபிள், வயர்கள், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றையும் விடுவித்து, படம் எடுத்து, நட்டுகளைத் தனித்தனிப் பையில் பேர் எழுதிப் போடுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை ஹோஸோடு கழற்றித் தொங்கவிட்டால் காற்று எடுக்கும் வேலை மிச்சம். அதுவரை யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது. டிராக் ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனை வராவிட்டால் நட்டை இரண்டு சுற்று விட்டுவைத்து, ஸ்டீயரிங் ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. போல்ட்டின் தலையில் அடித்தால் மரைதான் போகும். ஸ்டீயரிங் ரேக் பாடியிலேயே இருக்கட்டும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டவர், பின் மவுண்டிங், முன் மவுண்டிங் போல்ட்டுகளை எடுத்த பிறகு, நான்கு பேர் பாடியின் முன்பக்கத்தைத் தூக்க, ஐந்தாவது ஆள் சப்ஃபிரேமை அதன் சக்கரங்களிலேயே வெளியே உருட்டிவிடலாம். பாடியை உடனே ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். மாங்கொப்பிலோ போர்ட்டிகோ உத்திரத்திலோ செயின் புளொக் மாட்டும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அவை அந்தப் பாரத்துக்கு ஆனவை அல்ல.

ரப்பர் கோனை அமுக்க அதற்கென்றே உள்ள திருகுக் கருவி வேண்டும். டவர் மேல் துளை வழியாக அது கோனின் மரையில் இறங்கும். பழைய கோனுக்கு இஞ்ச் மரை, பிந்தியதற்கு மெட்ரிக். இரண்டும் உள்ள கருவியாக வாங்குங்கள். தவறான மரையைக் கட்டாயப்படுத்தி முறுக்கினால் பாரத்தில் நழுவும். கடப்பாரை போட்டு நெம்புவது கையை உடைக்கும்.

இனி மேல் ஆர்ம். இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆர்மிலும் 2 ஊசி பேரிங், நடுவே 1 ஷாஃப்ட். ஆர்ம் சிறு கோணத்திலேயே ஆடுவதால் ஊசிகள் முழுச் சுற்று சுற்றாமல், பாரம் விழும் பக்கத்தில் ஒரே இடத்தையே குத்திக்கொண்டிருக்கும். ஷாஃப்டைத் துடைத்து, நகத்தால் சுற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கும். மறுபக்கம் சீப்புப் பல்லில் ஓடுவது போல நகம் தட்டித் தட்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் நகத்துக்குத் தெரியும். தட்டினால் ஷாஃப்டையும் மாற்றியே ஆக வேண்டும். பழைய ஷாஃப்டில் புதிய பேரிங் போடுவது காசுக்குக் கேடு. புதிய பேரிங்கை எழுத்துள்ள பக்கம் வெளியே வரும்படி, டிராக்டர் பட்டறைகளில் இருக்கும் பிரெஸ்ஸில் நேராக அழுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் மெல்லிய கூடு நசுங்கும். கிரீஸ் நிப்பிள் வழியாக இரு முனையிலும் கிரீஸ் பிதுங்குகிறதா பாருங்கள். ஒரு முனையில் மட்டும் வந்தால் உள்ளே வழி அடைத்திருக்கிறது.

மொத்தத்தில் ஊசி பேரிங் 4, ஷாஃப்ட் 2, கீழ் ஆர்ம் புஷ் 4, டை பார் புஷ் 4, நக்கிள் ஜாயிண்ட் (மேல் ஆர்மில் உட்காரும் பந்து மூட்டு) 2, ஸ்விவல் பால் ஜாயிண்ட் (சக்கர ஹப்பை ஆர்மோடு இணைக்கும் பந்து மூட்டு) செட் 4, இவற்றோடு மவுண்டிங் செட், பிரேக் ஹோஸ் ஆகியவற்றை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கோனில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால் இரு பக்கக் கோனையும் மாற்றுங்கள். புஷ் நுழையாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பால் மரத்து (ரப்பர் தோட்டத்து) ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணெயும் கிரீஸும் பட்ட ரப்பர் ஊதிப் பாழாகும்.

வெற்று சப்ஃபிரேமைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, சாயத்துக்கு முன் அளந்து பாருங்கள். இடது டவர் துளையிலிருந்து வலது பின் மவுண்டிங் துளை வரை ஓர் அளவு, வலதிலிருந்து இடதுக்கு ஓர் அளவு. இரண்டும் ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாத சப்ஃபிரேம் எங்கோ இடிபட்டது. அதற்குச் செலவழிக்காமல் வேறு தேடுங்கள். டை பார் மூலை, கீழ் ஆர்ம் பின் துளை, இன்ஜின் மவுண்டிங் இருக்கை ஆகிய இடங்களில் விரிசலும் முட்டையாக இழுத்த துளையும் இருக்கும். வெல்டிங்குக்கு முன் குறுக்குக் கம்பி கட்டுங்கள், இல்லையேல் சூட்டில் இழுத்துக்கொள்ளும். மணல் அடிக்கக் கொடுத்தால் மரைகளை அடைத்துக் கொடுங்கள், வந்ததும் பெட்டிப் பகுதிக்குள் தங்கிய மணலைக் காற்றால் ஊதி எடுங்கள். பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு, மேலே சேசிஸ் கறுப்பு, உள்ளே மெழுகு. பவுடர் கோட்டிங்கை விட இதுவே மேல். பவுடர் ஓரிடத்தில் பிளந்தால் அடியில் ஈரம் பரவுவது வெளியே தெரியாது.

பூட்டும்போது எல்லா போல்ட்டும் விரலால் உள்ளே போன பிறகே எதையும் இறுக்க வேண்டும். ஒன்றை முதலில் இறுக்கினால் எதிர்ப்பக்கத் துளை நேர் வராது. கீழ் ஆர்ம், டை பார் நட்டுகளை மட்டும் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது இறுக்குங்கள். தூக்கி நிற்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். நக்கிள் ஜாயிண்ட் பந்து கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தே ஜேக்கை இறக்குங்கள். விலகியிருந்தால் பிளாஸ்டிக் கிண்ணம் நொறுங்கும். பிரேக்கில் காற்று எடுத்து, பெடல் கெட்டியானதும்தான் சாலைக்கு.

புதிய கோன் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமரும். அலைன்மெண்டை ஓட்டத் தொடங்கும் முன் ஒரு தடவை, கோன் அமர்ந்த பின் இன்னொரு தடவை பாருங்கள். டோ-அவுட் 1.6 மி.மீ., அதாவது சக்கரங்களின் முன் விளிம்பு பின் விளிம்பை விட அவ்வளவு அகன்றிருக்க வேண்டும். கிரீஸ் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. வண்டியைக் கழுவும்போதெல்லாம் டை பார் மூலைக்குள் ஹோஸைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து விடுங்கள்.