ஒரு கொப்பி, பதினெட்டு ஆட்டங்கள்: ரொறன்ரோ றொக்கின் சீசனைத் தொடர்ந்து பார்ப்பது எப்படி

நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ரோஸை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் மகன். ஏழாம் வகுப்பில் பள்ளியில் அவன் கையில் ஒரு ஸ்டிக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அன்று தொடங்கி கராஜ் சுவரில் டக் டக் என்று பந்து விழும் சத்தம்தான். அந்தக் குளிர்காலம், “அம்மா, றொக்கின் மட்ச் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று கேட்டான். ரொறன்ரோ றொக் என்பது இங்கத்தைய லக்ரோஸ் அணி. போனேன். முதல் நாள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பந்து கண்ணில் படவே இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பாட்டும் போகிறது. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடுகிறார்கள், வேறு ஆட்கள் வெளியே பாய்ந்து வருகிறார்கள்.

இன்று மேசை லாச்சியில் சீசனுக்கு ஒன்றாகக் கொப்பிகள் அடுக்கியிருக்கின்றன. போன மாதம் தங்கை, “அக்கா, நானும் பார்க்க வேணும், எங்கே தொடங்கிறது?” என்று கேட்டாள். ஸ்காபரோவில் எங்கள் மேசையில் தேத்தண்ணியோடு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டவிதியைத் தேடிப் படிக்க வேண்டாம். அட்டவணையை எடுத்துப் பாருங்கள். றொக் ஆடுவது நேஷனல் லக்ரோஸ் லீக்கில். ஹொக்கி அரங்கில், பனித்தரையின் இடத்தில் பச்சைச் செயற்கைப் புல் விரித்து ஆடும் உள்ளரங்க லக்ரோஸ் அது. பொக்ஸ் லக்ரோஸ் என்பார்கள். ஓர் அணிக்கு 18 ஆட்டங்கள். ஒன்பது சொந்த அரங்கில், ஒன்பது வெளியூரில். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ தொடங்கி ஏப்ரல் வரை போகும். தேதிகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளி, சனி, சில ஞாயிறு.

காரணம் எளிது. இந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு வார நாட்களில் வேறு வேலை இருக்கிறது. பள்ளியில் படிப்பிக்கிறவர்கள், தீயணைப்பு வீரர்கள் என்று பலர். சனி இரவு ஆடிவிட்டுத் திங்கள் காலை வேலைக்குப் போகிறார்கள். நான் ஒரு பேக்கரியில் அதிகாலை வேலை செய்கிறவள். இதைக் கேள்விப்பட்ட நாளில் இருந்துதான் இந்த அணி என் மனதுக்கு நெருக்கமானது. சீசனைப் படிக்கும் திறப்பும் இதுதான். வாரம் முழுக்கச் சேர்ந்து பயிற்சி செய்ய இவர்களுக்கு வழியில்லை. அதனால் டிசம்பரில் பாஸ்கள் தவறும், பந்து கையை விட்டுப் போகும். முதல் நான்கைந்து ஆட்டங்களை வைத்து அணி சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளியும் சனியும் இரண்டு ஊர்களில் ஆட வேண்டியிருந்தால், அதில் இரண்டாவது ஆட்டத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். வன்கூவர் பக்கம் போய் ஆடுவதென்றால் ஐந்து மணிநேரப் பறப்பு, மூன்று மணிநேர நேர வித்தியாசம். சீசன் தொடங்க முன்பே இப்படிப்பட்ட வார இறுதிகளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைப்பேன்.

அட்டவணையில் இன்னொன்றும் பாருங்கள்: அரங்கின் பெயர். அணியின் பெயரில்தான் ரொறன்ரோ இருக்கிறது. 2021 இல் அவர்கள் ஹமில்டனுக்குப் போய்விட்டார்கள். அங்கே அரங்கில் திருத்த வேலை நடந்ததால் 2024-25 சீசனை மிசிசாகாவில் ஆடினார்கள். அந்த வருடம் பழைய பழக்கத்தில் ஹமில்டன் றோட்டைப் பிடித்து, ஓக்வில் தாண்டின பிறகு மகன் போனில் பார்த்துச் சொல்லித் திரும்பினேன். முதல் குவாட்டர் போய்விட்டது. அவன் ஒரு சொல் சொல்லவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு டிக்கெட் எடுக்கும்போதே அரங்கின் பெயரைக் கொப்பியில் எழுதிவிடுகிறேன்.

இருக்கை விஷயத்தில் எல்லோரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கேட்பார்கள். முதல் தரம் போகிறவர்களுக்கு அது வேண்டாம். ஆட்டக்காரர்கள் சுவரில் மோதும் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆட்டம் தெரியாது. கொஞ்சம் மேலே, அணிகளின் பெஞ்சுகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் எடுங்கள். பெஞ்ச் கதவுகளைப் பார்க்கத்தான் இது. விலையும் குறைவு.

அங்கே இருந்துகொண்டு, முதல் குவாட்டரில் பந்தைத் தேடாதீர்கள். 30 வினாடிக் கடிகாரத்தைப் பாருங்கள். பந்து கைக்கு வந்த அணி 30 வினாடிக்குள் கோலை நோக்கி அடிக்க வேண்டும். அதிலும் முதல் 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். கோல்காப்பாளரைத் தவிர தரையில் ஐந்து பேர். தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம். அடித்த கையோடு தாக்குகிறவர்கள் பெஞ்சுக்கு ஓடுவார்கள், தடுக்கிறவர்கள் இன்னொரு கதவால் இறங்குவார்கள். முதல் நாள் என்னைக் குழப்பிய அந்த ஓட்டம் இதுதான். கடிகாரத்தையும் கதவையும் பத்து நிமிடம் பார்த்தால் போதும், பந்து தானாகவே கண்ணில் படத் தொடங்கும்.

சில தடுப்பாட்டக்காரர்கள் கதவுக்குப் போக மாட்டார்கள். பந்தைப் பறித்ததும், எதிரணி ஆள் மாற்றுகிற அந்த இரண்டு மூன்று வினாடி இடைவெளியில் நேரே கோலுக்கு ஓடுவார்கள். றொக்கில் பல வருடம் இந்த வேலையைச் செய்தவர் சாலன் ரொஜர்ஸ். அவர் ஓடத் தொடங்கினால் அரங்கில் பாதிப்பேர் இருக்கையை விட்டு எழும்பிவிடுவார்கள்.

இனி நான் மிகவும் விரும்பிப் பார்க்கும் விஷயம். யார் எந்தக் கைக்காரர் என்று பாருங்கள். பொக்ஸ் லக்ரோஸில் வலது கைக்காரர் தரையின் இடப்பக்கத்தில் ஆடுவார், இடது கைக்காரர் வலப்பக்கத்தில். அப்போதுதான் ஸ்டிக் நடுப்பக்கமாக, கோலைப் பார்த்தபடி இருக்கும். கோல் வாய் வெறும் 4 அடி உயரம், 4 அடி 9 அங்குலம் அகலம். முழுக்கவசம் போட்ட கோல்காப்பாளர் அதை ஏறக்குறைய மூடிக்கொண்டு நிற்பார். ஓரத்தில் இருந்து அடித்தால் இடமே இல்லை. அதனால் ஒருவர் தன் உடம்பால் எதிரணித் தடுப்பாளரை மறித்து நிற்க, பந்து வைத்திருப்பவர் அவரைச் சுற்றிக்கொண்டு நடுவுக்கு வருவார். அதைப் பிக் என்பார்கள். ஒரு ஆட்டம் முழுக்க இந்த ஒன்றையே பாருங்கள்: தோள் எப்படித் திரும்புகிறது, ஸ்டிக் எந்தப் பக்கம் மாறுகிறது, மறித்தவர் அடுத்த நொடி எங்கே நழுவுகிறார். மறித்தவரைத் தடுப்பாளர்கள் மறந்துவிட்டால், பந்து அவருக்குத்தான் போகும்.

டொம் ஷ்ரைபர் வலது கைக்காரர். அமெரிக்காவில் திறந்தவெளி லக்ரோஸில் வளர்ந்து, பிரின்ஸ்டனில் படித்துவிட்டு, 2017 இல் றொக்குக்கு வந்து முதல் சீசனிலேயே 94 புள்ளி எடுத்து சிறந்த புதுமுகம் ஆனார். அவரை இடப்பக்கத்தில் பார்த்துப் பழகினால் மற்றவர்களையும் பார்க்கக் கண் பழகிவிடும். புள்ளி என்றால் கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு. 18 ஆட்டச் சீசனில் 137 புள்ளி என்பது எல்லைக்கு அப்பால் இருக்கும் பஃபலோ பண்டிற்ஸ் அணியின் டேன் ஸ்மித் 2016 இல் வைத்த சாதனை. அதை ஓர் அளவுகோலாக மனதில் வையுங்கள்.

கைக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஓர் அணியில் தாக்கும் இடது கைக்காரர்கள் சிலர்தான் இருப்பார்கள். அதில் ஒருவர் காயப்பட்டால் வலப்பக்கமே தளர்ந்துவிடும். மறுபக்கத்துக்காரர்களுக்கும் இடம் கிடைக்காமல் போகும். “ஏன் இந்த மூன்று வாரமாகக் கோல் விழவில்லை?” என்று சனம் குழம்பும். என் கொப்பியில் பதில் இருக்கும்.

அந்தக் கொப்பியில் ஆட்டத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதியும் அரங்கும். அதற்குக் கீழே அன்று ஆடாத ஆட்கள், அவர்கள் எந்தக் கை என்பது. பிறகு நான்கு குவாட்டருக்கும் தனித்தனியாகக் கோல் கணக்கு. குவாட்டருக்கு 15 நிமிடம். முடிவை மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் நான்காவது குவாட்டர் எப்படிப் போகிறது என்று பார்த்தால் கால்கள் சோர்ந்ததா என்று தெரிந்துவிடும். கோல்காப்பாளரை இடையில் மாற்றினார்களா என்பதையும் எழுதுங்கள். ஹொக்கி பார்த்துப் பழகினவர்கள் 11 கோல் விட்டவரைக் கண்டு பயப்படுவார்கள். இங்கே கோலை நோக்கி ஐம்பது தரம் பந்து வரும், அதில் நாற்பதை நிறுத்தினவர் நன்றாக ஆடினார் என்றுதான் அர்த்தம். திடமான ரப்பர் பந்து, 150 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதை உடம்பில் வாங்கிக்கொண்டு நிற்கும் கோல்காப்பாளர் நிக் ரோஸைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

ஆட்டம் சமநிலையில் முடியாது. முதல் கோல் விழும்வரை மேலதிக நேரம் போகும். ஒன்றிரண்டு கோல் பின்னால் நிற்கும்போது கார்ப் பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து எழும்பி வர வேண்டாம். 2000 ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் நடந்தது. அந்த அரங்கில் நடந்த கடைசித் தொழில்முறை விளையாட்டும் அதுதான். 1.1 வினாடி மிச்சம் இருக்கும்போது கேலப் டோத் அடித்த கோலால் றொக் 14-13 என்று ரொச்செஸ்டரை வென்றது.

புள்ளிப்பட்டியல் எளிது. எல்லா அணிகளும் ஒரே பட்டியலில், முதல் எட்டு அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுக்குப் போகும். கால் இறுதி ஒரே ஆட்டம். அரை இறுதியும் இறுதியும் மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். சரி, பட்டியலை எவ்வளவு நம்பலாம்? 2024 இல் றொக் 15 வெற்றி, 3 தோல்வி. பட்டியலில் முதலிடம். பஃபலோ நான்காவது. அரை இறுதியில் பஃபலோ இரண்டு ஆட்டத்திலேயே எங்களை வெளியே அனுப்பியது. 2022, 2023 இலும் அவர்கள்தான் எங்களை வெளியேற்றினார்கள். கடைசியில் 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை அவர்களுக்கு. முதலிடத்தில் இருந்த எங்கள் அணியோ 2025 இல் பிளேஆஃபுக்கே வரவில்லை. அந்த இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆட்கள் அநேகமாக அதே ஆட்கள்தான்.

ஆகவே, பஃபலோவோடு ஆடும் ஆட்டங்களில் ஒன்றையாவது நேரில் பாருங்கள். முடிந்தால் எல்லை தாண்டிப் போய் அவர்கள் அரங்கிலேயே பாருங்கள். அந்த ஊர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் வந்து நிற்கும். அவர்களின் பயிற்றுநர் ஜோன் டவாரெஸ். அந்த அணிக்காக 815 கோல் அடித்தவர். ஹொக்கி ஆடும் ஜோன் டவாரெஸின் தகப்பனுடைய சகோதரர், பெயரும் அதே பெயர். வீட்டில் ஹொக்கிப் பைத்தியம் யாராவது இருந்தால் இதைச் சொல்லியே கூட்டிக்கொண்டு போகலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் போகும் வழியில் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுங்கள். இந்த விளையாட்டு இந்த மண்ணின் மக்களுடையது. ஹொடெனொஷோனி மக்கள் இதைப் படைத்தவரின் விளையாட்டு என்கிறார்கள். நோயாளி குணமாகவும் சமூகம் தேறவும் ஆடும் மருந்து விளையாட்டு. உலகப் போட்டிகளில் அவர்கள் கனடாவுக்காகவோ அமெரிக்காவுக்காகவோ இல்லாமல் தங்கள் சொந்த நாடாகவே இறங்குகிறார்கள். ஹமில்டனுக்கு மேற்கே, பிரான்ற்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்களின் சிக்ஸ் நேஷன்ஸ் குடியிருப்பு. பஃபலோவுக்கு ஆடிய டெஹோக்கா நாண்டிகோக் அந்த ஊர்ப் பிள்ளை. 1994 இல் கனடா நாடாளுமன்றம் குளிர்காலத்துக்கு ஹொக்கி, கோடைக்கு லக்ரோஸ் என்று இரண்டையும் தேசிய விளையாட்டாகச் சட்டம் போட்டது. ஆனால் இந்த விளையாட்டுக்கு வயது கனடாவை விடப் பல மடங்கு. மகன் இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்டிக்கைத் தரையில் போட்டுவிட்டுப் போவதை நிறுத்தினான். நான் சொல்லி இல்லை, தானாகவே.

எல்லா ஆட்டத்துக்கும் நேரில் போக யாராலும் முடியாது. நாங்கள் சீசனுக்கு நான்கு போவோம்: டிசம்பரில் ஒன்று, பஃபலோ ஒன்று, சிவப்பு வட்டம் போட்ட வார இறுதியில் ஒன்று, ஏப்ரலில் கடைசி வீட்டு ஆட்டம். மிச்சத்தைத் திரையில் பார்ப்போம். திரையில் பெஞ்ச் கதவு தெரியாது, அதனால் கடிகாரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி வீட்டு ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள், அணிக்கு இனி ஒன்றும் இல்லை என்றாலும் போங்கள். 2025 இல் அப்படித்தான் போனோம். முடிந்த பிறகு சனம் கலைய, நாங்கள் கொஞ்சம் பிந்தித்தான் எழும்பினோம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அன்று ஆடிய எல்லோரின் பெயரையும், எந்தக் கை என்பதையும் மகன் இருந்து எழுதினான். நீங்களும் அதைச் செய்யுங்கள். நவம்பரில் புது அணிப் பட்டியல் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வலப்பக்கத்தில் யார் திரும்பி வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று பாருங்கள்.